மக்களுக்குக் காட்டாமல் எழுதப்படும் சட்டங்கள்



அரசாங்கத்தின் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேச அழைத்தீர்கள். பரந்த தலைப்பு. அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் இயற்றுவது குறித்து நம்மை ஆள்வோர் கொடுத்த வாக்கு என்ன, அந்த வாக்குக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. கதை ராஜஸ்தானில் தொடங்குகிறது. தொடக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

அன்றைய பாலி மாவட்டத்தில் கோட்கிரானா என்றொரு ஊர். 1994 டிசம்பர் 2ஆம் தேதி அங்கே மக்கள் கூடினார்கள். கூட்டியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்து, அந்த வறண்ட நிலத்தில் குடியேறிய அருணா ராயும், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து 1990இல் தொடங்கியது. அந்தப் பக்கத்துக் கூலி வேலைக்காரர்களுக்கு நெடுநாளாக ஒரே குறைதான். அரசு வேலைகளில் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கைக்கு வருவதில்லை. கேட்டால், நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம் என்பார்கள். அன்று கோட்கிரானாவில் அந்தக் காகிதங்கள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது தெரிந்தது. முடியாத கட்டடத்தை முடிந்ததாகக் காட்டிய பில்களும் வெளியே வந்தன. பெயர் வாசிக்கப்பட்டவர்களே எழுந்து நின்று, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று சாட்சி சொன்னார்கள். நம் ஊர் நூறு நாள் வேலையில் சமூகத் தணிக்கை என்று பின்னாளில் வந்ததன் மூலம் இந்தக் கூட்டங்கள்தான்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் நாலைந்து ஊர்களில் நடந்ததும் அரசுக்கு நெருக்கடி வந்தது. 1995 ஏப்ரல் 5ஆம் தேதி முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். உள்ளாட்சிப் பணிகள் தொடர்பான ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த அறிவிப்பு. மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. மக்கள் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போனார்கள். எங்களுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். ஓராண்டு இப்படியே கழிந்தது.

1996 ஏப்ரல் 6ஆம் தேதி பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. போராட்டம் தொடங்கும் நேரத்தில் அரசு ஓர் உத்தரவு போட்டது. ஆவணங்களைப் பார்க்கலாம், கையால் குறிப்பும் எடுக்கலாம், ஜெராக்ஸ் மட்டும் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிப் பெண்ணிடம், பார்த்து எழுதிக்கொண்டு போ என்று சொன்ன உத்தரவு அது. நகல் இல்லாமல் எந்த அதிகாரியையும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது என்பது உத்தரவு போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். மக்கள் அதை ஏற்காமல் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் முழக்கம். பியாவரின் காய்கறி வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். நகரத்து மக்கள் பணமும் தானியமும் தந்தார்கள்.

அரசு ஒரு குழு அமைத்தது. மறுபடியும் காத்திருப்பு. 1997இல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, ஐம்பத்து மூன்று நாள். அது முடியும் தறுவாயில் துணை முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார். நகல் பெறும் உரிமையை வழங்கும் அறிவிக்கை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டது என்றார். ஐம்பத்து மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அந்தக் கோரிக்கையை எழுதிவந்த செய்தியாளர்களுக்கோ அது தெரியாது. தகவல் பெறும் உரிமையைக் கொடுத்த உத்தரவையே தகவலாக வெளியே விடவில்லை.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முப்பது ஆண்டு கழித்தும் வருகிறது. சட்டமன்றத்தில், அவைக் குறிப்பில் ஏறும்படி, ஒரு முதலமைச்சர் கொடுத்த வாக்கு அது. மேடையில் கைதட்டலுக்காகப் பேசியதல்ல. அதை நிறைவேற்ற வைப்பதற்கே தொண்ணூற்று மூன்று நாள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

அவையில் அமைச்சர்கள் கொடுக்கும் உறுதிமொழிகளைப் பின்தொடர்வதற்கென்று மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. நம் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நிலுவையில் இருப்பது எது, நிறைவேறியது எது என்று அது கேட்கும், அறிக்கை வைக்கும். அதற்கு மேல் அதன் கை நீளாது. தேர்தல் அறிக்கைக்கு அந்தக் குழுகூட இல்லை. இலவசப் பொருள்கள் தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு கட்டளையிட்டது. அதன் விளைவாக, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் கட்சிகள் தங்கள் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்ந்தது. சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன என்பதற்கு அந்த விதிகளில் விடை இல்லை.

பியாவர் தர்ணாவுக்கு மறு ஆண்டே, 1997இல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது. முதல் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தச் சட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள் இருந்ததால் அது பயன்படாமலே போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் 2002இல் ஒரு தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு வரும் தேதியை அரசு அறிவிக்க வேண்டியது மட்டும் பாக்கி. அந்தத் தேதி கடைசிவரை அறிவிக்கப்படவில்லை. பிறகு வந்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் 4(1)(சி) என்றொரு உட்பிரிவு இருக்கிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அவை தொடர்பான எல்லாத் தகவல்களையும் பொது அதிகார அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது அது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை, பத்து ரூபாய் முத்திரை ஒட்ட வேண்டியதில்லை. வகுக்கும்போதே வெளியிட வேண்டும். முடிந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை நாம் ஓரளவு பயன்படுத்திவிட்டோம். முடிவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் இந்த உரிமை ஏட்டிலேயே கிடக்கிறது.

அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பிறந்த வாக்குதான் 2014ஆம் ஆண்டுக் கொள்கை. அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் செயலாளர்கள் குழு 2014 ஜனவரி 10இல் முடிவெடுத்தது. பிப்ரவரி 5இல் சட்ட அமைச்சகம் எல்லா அமைச்சகங்களுக்கும் கடிதம் எழுதியது. எந்த மசோதாவானாலும் அதன் வரைவை மக்கள் பார்வைக்குக் குறைந்தது முப்பது நாள் வைக்க வேண்டும். ஏன் இந்தச் சட்டம், என்ன செலவு, சுற்றுச்சூழலுக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் பிழைப்புக்கும் என்ன பாதிப்பு என்பதைச் சொல்லும் குறிப்பு, எளிய மொழியில், கூடவே இருக்க வேண்டும். வந்த கருத்துகளையும் அவற்றுக்கு அமைச்சகத்தின் பதிலையும் தொகுத்து இணையதளத்தில் போட வேண்டும். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் அந்தத் தொகுப்பும் அங்கே போக வேண்டும். ஒரு குடியரசு தன் குடிமக்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை முழுவதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

கடைசியில் ஒரு வரியும் இருக்கிறது. கலந்தாலோசிப்பது இயலாது அல்லது விரும்பத்தக்கதல்ல என்று அமைச்சகம் கருதினால், காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் எழுதிவிட்டு மேலே போகலாம். அமைச்சரவைக் குறிப்பு நம் கண்ணுக்கு வராது. ஏன் உங்களிடம் கேட்கவில்லை என்பதற்கான காரணமும் நம்மிடம் சொல்லப்படாது.

கடிதம் வந்து பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 18இல், அந்தக் கொள்கையை வகுத்த அதே அரசு தெலங்கானா மசோதாவை மக்களவையில் நிறைவேற்றியது. கதவுகள் சாத்தப்பட்டன. மக்களவைத் தொலைக்காட்சியின் நேரலை நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்று பின்னர் விளக்கம் சொன்னார்கள். ஒரு மாநிலம் இரண்டாகப் பிரியும் நேரத்தில் அந்த மாநிலத்து மக்களால் அவையைப் பார்க்க முடியவில்லை. தெலங்கானா கோரிக்கை நியாயமானது என்று நினைப்பவன் நான். அதனால்தான் அந்த மாலை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிறகு வந்த ஆட்சிக்காலத்தின் கணக்கைச் சிவிஸ் என்ற அமைப்பு எடுத்தது. 2014 முதல் 2021 வரை நாடாளுமன்றத்தில் அறிமுகமான 301 மசோதாக்களில் 227 மக்களிடம் எந்தக் கலந்தாய்வும் இல்லாமல் வந்தவை. கருத்துக் கேட்கப்பட்ட 74இல் குறைந்தது 40 மசோதாக்களுக்கு முப்பது நாள் அவகாசம் தரப்படவில்லை. இன்னொரு பக்கம், நிலைக்குழுக்களின் ஆய்வும் சுருங்கியது. நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் கணக்குப்படி பதினைந்தாவது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. பதினேழாவது மக்களவையில் அது 16 ஆனது. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான மசோதாக்கள் மக்களவையில் ஒரு மணி நேரம்கூட விவாதிக்கப்படாமல் நிறைவேறின.

எண்களை விட்டுவிட்டு ஒரு சட்டத்தின் பிறப்பைப் பார்ப்போம். 2017 பிப்ரவரி 1. நிதியமைச்சர் அருண் ஜெட்லி பட்ஜெட் உரையில் தேர்தல் நிதியில் வெளிப்படைத்தன்மை என்ற தலைப்பின் கீழ், கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கான தேர்தல் பத்திரத் திட்டத்தை அறிவித்தார். அதற்காக ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்தம் பற்றி ரிசர்வ் வங்கியிடம் எப்போது கேட்டார்கள் தெரியுமா? ஜனவரி 28, சனிக்கிழமை. வங்கி திங்கட்கிழமையே, ஜனவரி 30இல், பதில் எழுதியது. இது பணச் சலவைக்கு வழிவிடும், இப்படிப்பட்ட பத்திரத்தை வேறோர் அமைப்பு வெளியிட அனுமதிப்பது மத்திய வங்கியின் அடிப்படைக் கோட்பாட்டையே குலைக்கும், செய்ய வேண்டாம் என்றது. நிதி மசோதா ஏற்கெனவே அச்சாகிவிட்ட நிலையில் இந்த ஆலோசனை தாமதமாக வந்திருக்கிறது என்று வருவாய்த் துறைச் செயலாளர் கோப்பில் எழுதினார்.

சனிக்கிழமை கேட்டு, திங்கட்கிழமை பதில் வந்து, அது தாமதம் ஆகிவிட்டது. நாட்டின் மத்திய வங்கிக்கே கிடைத்த அவகாசம் அவ்வளவுதான் என்றால், பாலி மாவட்டத்துக் கூலிக்காரருக்கும் நம் பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிக்கும் என்ன கிடைக்கும்?

அந்தத் திருத்தம் நிதி மசோதாவுக்குள் சேர்க்கப்பட்டு, பண மசோதாவாக வைக்கப்பட்டது. பண மசோதாவை மாநிலங்களவை தடுக்க முடியாது. மார்ச்சில் அவையில் கொண்டுவந்த திருத்தங்களின் வழியாக, நிறுவனங்கள் கொடுக்கும் நன்கொடைக்கு இருந்த ஏழரை சதவீத உச்சவரம்பும் நீங்கியது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியாது. மொத்தம் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்பனையாயின. ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைக் கடிதங்கள் வெளியே வந்தது 2019இல், தகவல் உரிமை மனுக்களின் மூலம். 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றார்கள். விவரங்களைத் தர ஜூன் 30 வரை பாரத ஸ்டேட் வங்கி அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்ததும் சில நாட்களில் எல்லாம் வெளியாகிவிட்டது. நடுவில் ஏழாண்டு போய்விட்டது. 2019 மக்களவைத் தேர்தலும் எத்தனையோ சட்டமன்றத் தேர்தல்களும் அந்த இருட்டுக்குள் நடந்து முடிந்தன. அவற்றை எந்தத் தீர்ப்பும் திரும்ப நடத்த முடியாது.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. வேதாந்தா குழும நிறுவனங்களிடமிருந்து பா.ஜ.க.வும் காங்கிரசும் பெற்ற நன்கொடைகள் வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறியவை என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டது. 2018 மார்ச்சில் நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியபோது, அதற்குள் ஒரு திருத்தம் இருந்தது. அந்தச் சட்டத்தின் வரையறையை 1976 முதல் முன்தேதியிட்டு மாற்றும் திருத்தம். இரண்டு கட்சிகளையும் ஒருசேரக் காப்பாற்றிய திருத்தம் அது.

வேளாண் சட்டங்களின் கதை உங்களுக்குத் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரடங்குக் காலத்தில், 2020 ஜூன் 5இல், அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பர் 20இல் மாநிலங்களவையில் உறுப்பினர்கள் வாக்குகளை எண்ணக் கோரியும் அவற்றில் இரண்டு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. விவசாயிகளுடன் இருபது ஆண்டாகக் கலந்தாலோசித்தே கொண்டுவந்தோம் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்னது. அந்தக் கலந்தாய்வின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, தன்னிடம் பதிவு எதுவும் இல்லை என்று வேளாண் அமைச்சகத் தகவல் அலுவலர் பதில் அனுப்பினார். விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த பிறகு 2021 நவம்பர் 29இல் மூன்று சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. அந்த நாளிலும் இரு அவைகளிலும் விவாதம் இல்லை. கேட்காமல் போட்டதை விளக்காமலே எடுத்தார்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பராக் ஒபாமா 2008 தேர்தலில் ஒரு வாக்குக் கொடுத்தார். அவசரமல்லாத எந்த மசோதாவிலும் கையெழுத்திடுமுன் ஐந்து நாள் அதை வெள்ளை மாளிகை இணையதளத்தில் மக்கள் பார்வைக்கு வைப்பேன் என்றார். 2009 ஜனவரி 20இல் பதவியேற்றார். ஒன்பதாம் நாள், சம ஊதியம் கேட்டு வழக்காடும் பெண்களுக்கு உதவும் லில்லி லெட்பெட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறி இரண்டே நாள் ஆகியிருந்தது. நல்ல சட்டம், நல்ல நோக்கம். ஐந்து நாள் காத்திருந்தால் எந்தப் பெண்ணுக்கும் எந்த இழப்பும் வந்திருக்காது. நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட முதல் வாய்ப்பிலேயே மீறிவிடும் வாக்கு இது. ஏனென்றால் மீறினால் எதுவும் நடப்பதில்லை.

நம் வீட்டுக்கு வருவோம். சட்டமன்ற நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டுவோம் என்பது 2021 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதி. 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலைக்கு வந்தது. அதை வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் சட்டம் பிறப்பது கேள்வி நேரத்தில் அல்ல. 2023 ஏப்ரல் 21இல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தும், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதே நாளில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நீர்நிலைகளைப் பாதிக்கக்கூடிய சட்டம் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் பின்னர் எதிர்த்த அதே சட்டம். தொழிலாளர் மசோதாவுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் ஏப்ரல் 24இல் முதலமைச்சர் தொழிற்சங்கங்களோடு பேசி அதை நிறுத்திவைத்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

திரும்பப் பெற்றதைப் பாராட்ட வேண்டும். அந்தத் தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாரும் சென்னையில்தான் இருந்தார்கள். ஏப்ரல் 24இல் நடந்த பேச்சை மார்ச் 24இல் நடத்தியிருக்கலாம். கேரளத்தில் 1980 முதல் துறைவாரியாகப் பாடப்பொருள் குழுக்கள் இருக்கின்றன. மசோதாக்கள் அங்கே போய் வரிவரியாகப் பார்க்கப்படுகின்றன. நம் சட்டமன்றத்தில் மசோதா தெரிவுக் குழுவுக்குப் போவது அரிது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கட்டுக்கட்டாக நிறைவேறுவதுதான் பழக்கம். எல்லா ஆட்சிகளிலும் இதுதான் நடந்திருக்கிறது.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை மத்திய அரசு வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. நல்ல செய்திதானே? வந்த கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். எந்த நிறுவனம் எதைக் கேட்டது, எந்த ஆலோசனை ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, எதுவும் தெரியாது. 2014ஆம் ஆண்டுக் கொள்கையின் உயிர்நாடியே கருத்துகளைத் தொகுத்து வெளியிடுவதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மின்னஞ்சல் பெட்டி.

2023 ஆகஸ்டில் சட்டமான அந்த மசோதாவின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் அத்துமீறும் தனிப்பட்ட தகவலை மட்டுமே அதிகாரி மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத எதையும் ஒரு குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற அருமையான வாசகமும் அங்கே இருந்தது. இப்போது இவை எல்லாம் போய், தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆகிவிட்டது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வேறொரு பிரிவின் கீழ்ப் பொதுநலனை எடைபோட்டுக் கொடுக்க வழி இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறது, உண்மை. அந்த எடையைப் போடுபவர் பெரும்பாலும் தகவலை மறைக்க விரும்பும் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பவர்.

கோட்கிரானாவில் வாசிக்கப்பட்டது என்ன? பெயர்கள். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு எவ்வளவு கூலி என்ற பட்டியல். இன்றைய வாசகப்படி மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயரும் தனிப்பட்ட தகவல். ரேஷன் பட்டியலில் உள்ள பெயரும், ஒப்பந்தக்காரரின் பெயரும், ஒரு பாலத்துக்குச் சரி என்று கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரும் அப்படித்தான். பெயரை நீக்கிவிட்டு வாசித்தால் எழுந்து நின்று சாட்சி சொல்ல யார் இருப்பார்கள்? பியாவரில் நாற்பது நாள் உட்கார்ந்து பெற்றதை, வேறொரு சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் உட்பிரிவால் பறித்திருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. நாங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஒவ்வொன்றுக்கும் மறுபடி மக்களிடம் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் ஓட்டு, வாக்காளர் கண்ணால் கண்டிராத ஒரு பிரிவுக்குச் சம்மதம் ஆகாது. மேலும், கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். தன் தொகுதிக்கு எதிரான மசோதா என்று தெரிந்தும் கை தூக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். அவைக்குள் எதிர்ப்பு இப்படிக் கட்டுண்டு கிடக்கும்போது, மசோதா அவைக்கு வருமுன்பே மக்கள் அதைப் பார்ப்பது இன்னும் அவசியமாகிறது. அவசர நிலைகள் வரும் என்கிறார்கள். வரும். வெள்ளத்துக்கும் தொற்றுநோய்க்கும் விலக்குக் கொடுக்கலாம், காரணத்தை அவையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமைச்சர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசுவதற்கு மறைவு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வரைவு மசோதா அந்தப் பேச்சில் சேர்ந்ததல்ல. நாளை நம் மேல் பாயப்போகும் சட்டம் அது.

தென்னாப்பிரிக்கா இதை வேறு விதமாகச் செய்தது. சட்டம் இயற்றுவதில் மக்கள் பங்கேற்க அவைகள் வழிசெய்ய வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பே கட்டளையிடுகிறது. 2006இல் ஒரு மருத்துவர் அமைப்பு தொடுத்த வழக்கில், அந்தக் கடமையை மேலவை சரிவரச் செய்யவில்லை என்பதற்காகவே அரசமைப்பு நீதிமன்றம் இரண்டு சட்டங்களைச் செல்லாது என்றது. பாரம்பரிய மருத்துவர்கள் பற்றியது ஒன்று, கருக்கலைப்புச் சட்டத்தின் திருத்தம் மற்றொன்று. சட்டத்தின் உள்ளடக்கத்தில் குறை காணவில்லை. மக்களைக் கேட்காததே குறை. சரிசெய்து கொண்டுவரப் பதினெட்டு மாதம் கொடுத்தது. அங்கே ஆட்சியாளர்கள் நம்மவரைவிட உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காவிட்டால் சட்டம் விழுந்துவிடும் என்ற பயம் அங்கே இருக்கிறது. இங்கே நமக்கு இருப்பது ஒரு கடிதம். நம் உச்ச நீதிமன்றமும் 2016இல், செல்போன் அழைப்புத் துண்டிப்பு தொடர்பான வழக்கில், விதிகள் வகுப்பதற்கு முன் கலந்தாலோசிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்றை இயற்றுங்கள் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. 2014ஆம் ஆண்டுக் கடிதத்தைச் சட்டமாக்க வேண்டும். முப்பது நாள் என்பது கட்டாயம் ஆக வேண்டும், மாநில மொழிகளில் வரைவு வர வேண்டும், வந்த கருத்துகள் வெளியாக வேண்டும், விலக்குக் கேட்டால் காரணம் அவையின் மேசையில் வைக்கப்பட வேண்டும், மீறினால் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போகும் உரிமை குடிமகனுக்கு வேண்டும். டெல்லி செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1997இல் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட இந்த மாநிலம் இதற்கும் முதலில் சட்டம் போடலாம். இம்முறை விலக்குகளால் நிரப்பாத சட்டமாக.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமைச்சகங்களின் இணையதளங்களில் வரைவு மசோதாக்கள் அவ்வப்போது வருகின்றன. அவற்றைப் படியுங்கள், கருத்து அனுப்புங்கள், அனுப்பியதற்கு என்ன ஆனது என்று தகவல் உரிமை மனுப் போட்டுக் கேளுங்கள். வரைவே வெளியிடாத துறையிடம் 4(1)(சி) பிரிவைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். தேர்தலில் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், நீங்கள் கொண்டுவரும் மசோதாவை எங்களுக்கு முப்பது நாள் முன்னால் காட்டுவதற்குச் சட்டம் போடுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.